டூப்ளிகேட் சாவி உள்ளே போகிறது, ஆனால் திரும்பவில்லை. உதவி தேவை

லயத்துப்பையன்:
மலேசியாவில், சுங்கை சிப்பூட் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடு. முன்வாசல் மரக்கதவில் உருண்டைப் பிடிப் பூட்டு. கையில் இருப்பது ஒரே சாவி, அதுவும் யாரோ எப்போதோ வெட்டிய நகல்தான். ஒரிஜினல் தோட்டத்திலிருந்து வீடு மாறிய சமயத்திலேயே காணாமல் போய்விட்டது. ஈப்போவில் வேலை பார்க்கும் தங்கைக்கும் எனக்கும் இருக்கட்டும் என்று டவுனில் அஞ்சடியில் (கடை முன்னாலுள்ள நடைபாதையில்) மெஷின் வைத்திருப்பவரிடம் இரண்டு சாவி வெட்டினேன். இரண்டுமே உள்ளே வழுக்கிக்கொண்டு போகின்றன. திருப்பினால் அசைவதில்லை. திரும்பக் கொண்டுபோனேன். ஒன்றை அரத்தால் நாலு இழுப்பு இழுத்துக் கொடுத்தார். பலனில்லை. அம்மாவிடம் இருக்கும் அந்தப் பழைய சாவி மட்டும் நன்றாகத் திறக்கிறது. பூட்டை மாற்றாமல் வழி உண்டா?

கிந்தாக்கரை:
தம்பி, முதலில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு திருப்பிப் பாருங்கள். அப்போது திரும்பினால் சாவியில் குற்றமில்லை, நிலையில் நாக்கு போய் உட்காரும் இடம் தள்ளியிருக்கிறது. திரும்பாவிட்டால், அரம் படாத சாவியை முழுக்கச் சொருகி, ஒரு மயிரிழை வெளியே இழுத்துத் திருப்பிப் பாருங்கள். பலவந்தம் வேண்டாம். பித்தளைச் சாவி முறுக்கினால் உள்ளேயே உடைந்துவிடும், அப்புறம் வேறு கதை.

பாலக்காப்பி:
தேங்காய் எண்ணெய் நாலு சொட்டு விடுங்கள் அண்ணே. எங்கள் வீட்டில் எல்லாப் பூட்டுக்கும் அதுதான்.

கிந்தாக்கரை:
எண்ணெய் வேண்டாம். இன்றைக்கு வழுக்கும், பிறகு தூசியோடு சேர்ந்து களியாகிப் பூட்டுக்குள் இருக்கும் ஊசிகள் ஒட்டிக்கொள்ளும். இறுக்கமாக இருந்தால் மென்மையான பென்சிலைச் சாவியின் வெட்டுகளில் நன்றாகத் தேய்த்துச் சொருகினால் போதும், பென்சிலில் இருப்பது கிராஃபைட்தானே. எப்படியும் இவருக்கு அது பிரச்சினை இல்லை. பழைய சாவி அதே பூட்டில் சுலபமாகத் திரும்புகிறதே.

மழைக்காகிதம்:
இரண்டு சாவியையும் பக்கத்தில் வைத்துப் படம் போடுங்களேன், பார்த்துச் சொல்லலாம்.

பூட்டுக்காரி:
படம் வேண்டவே வேண்டாம் தம்பி. 2008-இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில் ஆராய்ச்சியாளர்கள் ஏறக்குறைய 60 மீட்டர் தூரத்திலிருந்து எடுத்த படத்தை வைத்தே சாவியின் வெட்டுகளைக் கணக்கிட்டுக் காட்டினார்கள். நீங்கள் ஊர்ப் பெயர் வேறு எழுதியிருக்கிறீர்கள்.

லயத்துப்பையன்:
சரி அக்கா, படம் இல்லை. கதவு திறந்திருந்தாலும் திரும்பவில்லை. ஆனால் கிந்தாக்கரை அண்ணன் சொன்னபடி இம்மியளவு வெளியே இழுத்ததும் டக்கென்று திரும்பிவிட்டது! அரம் போட்ட சாவி எப்படி இழுத்தாலும் திரும்பவில்லை.

பூட்டுக்காரி:
அப்படியென்றால் ஆழம் சரி, இடம்தான் தவறு. பூட்டுக்குள் வரிசையாக ஊசிகள் நிற்கின்றன. ஒவ்வொரு வெட்டும் தன் ஊசியைச் சரியான உயரத்துக்குத் தூக்கினால்தான் சாவி நுழையும் உருளை திரும்பும். வெட்டுகள் எல்லாம் ஒன்றாக அரை மில்லிமீட்டர் தள்ளிப் போனாலும் போதும், ஊசி பள்ளத்தில் உட்காராமல் சரிவில் நிற்கும்.

சாவியின் தலைக்குக் கீழே, பூட்டின் முகத்தில் முட்டி நிற்கும் படி இருக்கிறதல்லவா, அளவெல்லாம் அங்கிருந்துதான். மெஷினில் ஒரு கவ்வியில் மாதிரிச் சாவி, அடுத்ததில் வெட்டாத சாவி. ஒரு முனை மாதிரியைத் தடவிக்கொண்டு போக, சக்கரம் அதே மாதிரி இங்கே வெட்டும். இரண்டின் படியும் ஒரே கோட்டில் இல்லாமல் கவ்விவிட்டால் எல்லா வெட்டும் நகர்ந்துவிடும். உங்களுடையவை நுனிப் பக்கம் நகர்ந்திருக்கின்றன, அதனால்தான் வெளியே இழுத்தால் பொருந்துகிறது. பழையதையும் புதியதையும் படியோடு படி சேர்த்துப் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள், தெரியும்.

இதற்கு அரம் உதவாது. பள்ளம் ஆழம் குறைவாக இருந்தால் அராவலாம், ஆழம் அதிகமானால் உலோகத்தை எங்கிருந்து கொண்டுவருவது? சிலர் படியை அராவித் தருகிறேன் என்பார்கள். விடாதீர்கள், அது எதிர்ப் பக்கம் நகர்ந்த சாவிக்கான வைத்தியம். உங்களுடையது அதன்பின் இன்னும் உள்ளே போய்விடும். புதுச் சாவியில்தான் மறுபடி வெட்ட வேண்டும்.

கிந்தாக்கரை:
அக்கா சொன்னதோடு ஒன்று. நகலுக்கு நகல் எடுத்தால் தேய்மானமும் தவறும் கூடிக்கொண்டே போகும். மறுபடி சரியாக வரவில்லையென்றால் உள்பக்கத் திருகாணிகளைக் கழற்றிப் பூட்டையே கடைக்குக் கொண்டுபோங்கள். ஊசிகளைப் பார்த்தே புதுச் சாவி வெட்டத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். கிரில்லுக்கு ஆமைப்பூட்டு போட்டிருந்தால் அதன் சாவி வீட்டுக்குள், கைக்கு எட்டும் இடத்தில் எப்போதும் தொங்கட்டும். அம்மா தனியாக இருப்பதாக இருந்தால் கட்டாயம். தீப்பிடித்தால் தேட நேரமிருக்காது.

லயத்துப்பையன்:
வெட்டிவிட்டேன். படியைச் சேர்த்து வைத்துக் காட்டியதும் அவருக்கே புரிந்துவிட்டது, காசு வாங்கவில்லை. இழுக்காமலே திரும்புகிறது, கொஞ்சம் சொரசொரப்பு மட்டும். தங்கைக்கு இன்னொன்றும் வெட்டச் சொல்லியிருக்கிறேன். அப்படியே அவளுடைய கார் சாவிக்கும் அவரிடமே நகல் எடுக்கலாமா?

பூட்டுக்காரி:
அம்மாவின் சாவியை மாதிரியாகக் கொடுங்கள், புதிதாக வெட்டியதைக் கொடுக்காதீர்கள். சொரசொரப்பு வெட்டின ஓரத்துப் பிசிறு, பழைய பல் பிரஷ் போதாது, கம்பி பிரஷ்ஷால் இரண்டு தேய்ப்பு தேய்க்கச் சொல்லுங்கள். கார் சாவியின் தலைக்குள் சிப் இருந்தால் வெறும் உலோக நகல் கதவைத் திறக்கும், எஞ்சின் ஸ்டார்ட் ஆகாது. சிப் பதிவு செய்யும் கருவி வைத்திருக்கிறாரா என்று முதலில் கேளுங்கள். பழைய கப்சாய் (சிறிய மோட்டார் சைக்கிள்) என்றால் யோசிக்கவே வேண்டாம், அங்கேயே வெட்டலாம்.