களப்பயிற்சிக்கு வரும் இறையியல் மாணவரும் சபை மூத்தோரும்: மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்து அனுபவங்கள்

மாணவரை மேற்பார்வை செய்யும் போதகர், கல்முனைப் பக்கம்

"இப்பத்தப் பிள்ளைகளுக்குப் பணிவு இல்லை" என்று மூத்தோர் சொல்வதும், "பெரியாக்கள் எதையும் விடுறாங்க இல்லை" என்று மாணவர் சொல்வதும் ஒவ்வொரு விடுமுறைப் பயிற்சியிலும் காதில் விழும். விசாரித்தால் பெரும்பாலும் பெருமை காரணமில்லை. யார் எதைச் செய்வது என்று முதல் வாரத்தில் ஒருவரும் பேசியிருக்க மாட்டார்கள்.

கண்டிக்குப் பக்கத்துப் பிலிமத்தலாவையில் 1963 இல் தொடங்கிய இலங்கை இறையியல் கல்லூரியில் மெதடிஸ்த, அங்கிலிக்கன், பப்திஸ்து மாணவர் தமிழிலும் சிங்களத்திலும் ஒரே வளவில் படிக்கிறார்கள். வகுப்பில் கேள்வி கேட்கிற பிள்ளைக்கு அங்கே மதிப்பு. அதே பிள்ளை திருக்கோவில் ஊர்ப் பக்கத்துச் சிறுசபைக் கூட்டத்தில் அதே குரலில் "இதற்கு என்ன ஆதாரம்?" என்று கேட்டால் எழுபது வயது மனிதருக்கு அது அவமானம். அவர் சும்மா இருந்தவரும் அல்லர். 1990 போர்க்கால இடப்பெயர்வுக்குப் பிறகு போதகர் இல்லாத மாதங்களில் ஆராதனை நடத்தியதும், 2004 கடல்கோளுக்குப் பிறகு ஞானஸ்நானப் பதிவேட்டைத் தேடித் திரிந்ததும் அவரைப் போன்ற சாதாரண விசுவாசிகள்தான். இன்றைக்கு 22 வயது மாணவருக்கு அந்தக் கடல் நினைவிலேயே இல்லை.

அதனால் முதல் வாரத்தில் ஒரு தாளில் எழுதிவிட வேண்டும்: மாதம் இரண்டு பிரசங்கம், ஒவ்வொன்றும் 15 நிமிடம், வாரத்தில் ஒரு மணிநேரம் மேற்பார்வையாளரோடு சந்திப்பு, ஒரு நாள் ஓய்வு, பஸ் காசு யார் கொடுப்பது, மாணவரைத் திருத்துகிற உரிமை யாருக்கு. கடைசியானதை எழுதாவிட்டால் சபையில் எல்லாரும் திருத்துவார்கள். இரண்டாம் வாரத்துக்குள் மாணவர் மூன்று மூத்தோர் வீட்டுக்குப் போய்ச் சபையின் கதையைக் கேட்டு எழுதி வரவேண்டும். யார் கட்டியது, எந்த ஆண்டு கூரை போனது, கல்லறைக் காணி யாருடைய பெயரில் இருக்கிறது என்று. இதைச் செய்த மாணவரை மூத்தோர் "எங்கட தம்பி" என்று சொல்லத் தொடங்குவார்கள். செய்யாதவர் கடைசிவரை "கொலிஜ் தம்பி"தான்.

வீட்டுக்குப் போனதும் வருகிற முதல் கேள்வி "எந்த ஊர், ஆர்ர மகன்?" ஊரையும் பெற்றோரையும் சொன்னால் போதும். அதற்கடுத்து குடி, அதாவது தாய்வழிக் குலம், விசாரிக்கத் தொடங்கினால் சிரித்துக்கொண்டு பேச்சை மாற்றலாம். அது மரியாதைக் குறைவு ஆகாது.

சபைப் பிரசங்கியார், மட்டக்களப்பு நகரம்

பிரசங்கத்தில்தான் எல்லாம் வெளியே வரும். "மூலமொழியில் இந்தச் சொல்..." என்று மூன்றாம் தரம் சொல்லும்போது பின்வாங்கில் விசிறி மட்டை ஆடத் தொடங்கும். கிரேக்கம் படித்தது நல்லது. அது ஆயத்தத்தில் இருக்கட்டும், அதன் பலன் மட்டும் மேடைக்கு வரட்டும். இன்னொரு சிக்கல் வேதாகமம். பெரியவர்களுக்குப் பழைய மொழிபெயர்ப்பு மனப்பாடம். மாணவர் 1995 பொது மொழிபெயர்ப்பிலிருந்து வாசித்தால் "வசனத்தை மாத்திப் படிக்கிறான்" என்று நினைப்பார்கள். பாடத்தைப் பிரசங்க மேடையில் கிடக்கிற வேதாகமத்திலேயே வாசிக்க வேண்டும். மற்றதை விளக்கத்தில் ஒருமுறை சொல்லிக் காட்டலாம்.

நேரம் பார்க்காமல் ஆயத்தம் முடிவதில்லை. அறைக்குள் வாசித்து 15 நிமிடம் வந்தது சபைக்கு முன் 20 ஆகிவிடும், ஏனென்றால் முகங்களைக் கண்டதும் எழுதாத உதாரணங்கள் வந்து ஒட்டிக்கொள்ளும். அறையில் 12 நிமிடத்தில் முடிகிற அளவுக்கு வெட்டினால் சரி.

பிரசங்கத்துக்குப் பிறகு கருத்துச் சொல்வதில் நாங்கள் பெரியவர்கள் செய்கிற பிழை பெரிது. வாசலில் கைகொடுத்து "நல்லாருந்திச்சு மனே" என்று சொல்லிவிட்டு, திங்கட்கிழமை போதகரிடம் போய் முறைப்பாடு வைப்போம். மாணவருக்கு அது சுற்றி வந்து சேரும்போது நாலு மடங்காகியிருக்கும். பிறகு அவர் முகத்தைத் தூக்கினால் பணிவில்லை என்போம்.

வேலை செய்கிற முறை இது: ஒரு முதியவர், ஒரு தாய், ஒரு இளைஞர் என மூவர், திங்கள் அல்லது செவ்வாய் மாலை, அரைமணிநேரம். ஒவ்வொருவரும் நினைவில் நின்ற ஒன்றையும் விளங்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். முதல் பத்து நிமிடம் மாணவர் வாய் திறக்கக் கூடாது, எழுத மட்டும் வேண்டும். அதற்குப் பிறகு ஒரு கேள்வி கேட்கலாம். இந்தப் பத்து நிமிடம்தான் ஆளைக் காட்டித் தரும். சிலர் எழுதுவார்கள். சிலர் ஒவ்வொன்றுக்கும் "அதுக்குக் காரணம் என்னெண்டா" என்று தொடங்குவார்கள். தலையை ஆட்டி "சரி ஐயா, சரி ஐயா" என்று எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்கிறவரைத்தான் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். அடுத்த பிரசங்கத்தில் ஒரு வரியும் மாறியிராது. அந்தக் காலத்து மாணவரில் பலரும் இப்படித்தான் இருந்தார்கள், அதைப் பணிவு என்று எடுத்துக்கொண்டோம்.

பெண்கள் ஐக்கியப் பொறுப்பாளர், வாழைச்சேனைப் பக்கம்

பணிவு என்ற சொல்லை வைத்து மாணவரிடம் வேலை வாங்குகிறதையும் எழுத வேண்டும். கதிரை அடுக்குவது, ஒலிபெருக்கி தூக்குவது, தேத்தண்ணி பரிமாறுவது எல்லாம் செய்யட்டும், அதில் குறையில்லை. ஆனால் விடுமுறை முழுவதும் அதுதான் என்றால் அது பயிற்சி ஆகாது, சம்பளமில்லாத வேலை. நோயாளர் சந்திப்பு ஒன்றுக்கும் கூட்டிப்போகாமல் ஓய்வுநாள் பாடசாலையையும் வாலிபரையும் தலையில் கட்டிவிடுகிற சபைகள் நிறைய.

மெதடிஸ்த சபையில் பெண்கள் போதகர்களாக இருக்கிறார்கள், மாணவியரும் வருகிறார்கள். கதவுக்குப் பூட்டு, பாதுகாப்பான குளியலறை, பெண்கள் இருக்கிற வீட்டில் தங்குமிடம், ஆறு மணிக்கு முன் திரும்ப வாகனம்: இவற்றைக் கேட்கிற மாணவியை "வசதி பார்க்கிறா" என்று சொல்லக் கூடாது. அவ வரமுன்பே சபை ஒழுங்கு செய்ய வேண்டியவை அவை.

வீடு சந்திக்க ஒரு குறிப்பு. வாவிக்கு மேற்கே வயல் பக்கமான படுவான்கரையில் அறுவடை நடக்கிற கிழமைகளில் பகலில் போய்ப் பயனில்லை, நாலரைக்குப் பிறகு போகலாம். இருபது நிமிடம் இருந்தால் போதும், செபம் இரண்டு நிமிடம். போன் சத்தமில்லாமல் பையில் இருக்க வேண்டும். படுக்கையில் கிடக்கிறவரைப் படமெடுத்து வட்ஸ்அப் குழுவில் போடுவதுதான் இப்போது அதிகம் கோபம் கிளப்புகிற பழக்கம்.

பங்குச் சபை உறுப்பினர், தாண்டவன்வெளி

கத்தோலிக்கப் பக்கம் நிலைமை வேறு. குருமாணவருக்குப் பத்தொன்பது வயதிலேயே "பிரதர்" என்று எழும்பி நிற்போம், நல்ல கதிரையும் சோடாவும் கொடுப்போம், தாத்தா வயதுள்ளவர் வாங்கில் இருப்பார். பிறகு பெருமை எங்கிருந்து வந்தது என்று கேட்போம். அந்தக் கதிரையைக் கொடுக்காமல் விட்டாலே போதும்.

சேகரச் செயலாளர், அக்கரைப்பற்றுப் பக்கம்

இழவு வீட்டைப் பற்றி யாரும் எழுதவில்லை. இந்தப் பக்கத்தில் ஒரே குடும்பத்தில் பாதிப்பேர் சைவம். மாணவர் அங்கே போய்ச் சடங்குகளைத் தாக்கிப் பேசினால் சபை அந்த வீட்டை இழந்துவிடும். முதலில் ஒரு கால்மணிநேரம் பேசாமல் இருக்க வேண்டும். பிறகு வீட்டில் மூத்த பெண்ணிடம் எந்தப் பாட்டு வேண்டும், யார் பேசவேண்டும் என்று கேட்க வேண்டும். ஏழு நிமிடத்துக்கு மேல் பேச்சு வேண்டாம். அடக்கம் முடிந்ததும் நேரே பஸ்ஸுக்குப் போகாமல் வீட்டுக்குத் திரும்பிப் போவதை ஆட்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

காசு: காணிக்கையை இருவர் எண்ணி இருவரும் கையொப்பமிட வேண்டும், மாணவர் தனியே தொடக் கூடாது. வெளிநாட்டிலிருந்து வந்தவர் "தம்பிக்கு" என்று கொடுக்கிற கடித உறையை அன்றைக்கே மேற்பார்வையாளருக்குக் காட்ட வேண்டும்.

கல்லூரிக்கு அனுப்புகிற அறிக்கையை மாணவருக்கு முதலில் வாசிக்கக் கொடுங்கள். "பணிவு குறைவு" என்று எழுதினால் எந்த நாள், எந்த இடம், என்ன நடந்தது என்றும் எழுதுங்கள். எழுத முடியாவிட்டால் அந்த வரியை வெட்டுங்கள். மாணவர் உடன்படாததைக் கீழே தன் கையால் எழுத நாலு வரி இடம் விட்டு, அதன் பிறகு கையொப்பம் வையுங்கள்.