சார்லா பக்கம் போறோம், எதை விடலாம்?

மக்களே, செப்டம்பர்ல பிரான்ஸ்ல டோர்டோன் பக்கம் சார்லா ஊர்ல தங்குறோம், கூட முட்டி வலியோட அம்மா, வாடகை கார் இருக்கு. ஆதிமனுஷங்க ஓவியம் இருக்குற லாஸ்கோ ஒரிஜினல் குகையை 1963லயே மூடிட்டாங்க, இப்போ காட்டுறது 2016ல திறந்த நகல்தான், அதனால எனக்கு லே எய்சில இருக்குற ஃபோன்-த-கோம் குகைதான் வேணும், அங்க நிஜ ஓவியத்தையே பாக்கலாம் ஆனா டிக்கெட் ரொம்ப கம்மியாதான் விடுறாங்களாம், எவ்ளோ முன்னாடி புக் பண்ணணும்? பாதிராக் குகைல 103 மீட்டர் கீழ ஆறு, அதுல படகு வேற, லிஃப்ட் இருந்தாலும் உள்ள படி நிறையவாமே, அம்மாவால முடியுமா? மலைச்சரிவுல கோயில் இருக்குற ரோக்காமதூர் ஊர்ல 216 படி, அது நான் மட்டும். பேனாக், காஸ்தெல்நோ ரெண்டு கோட்டையும் டோர்டோன் ஆத்துக்கு இக்கரை அக்கரை, ஒண்ணுக்குதான் டைம், எது? அப்புறம் சனிக்கிழமை சந்தையன்னிக்கு சார்லால பார்க்கிங் கிடைக்குமா, போனவங்க சொல்லுங்கப்பா