முதல் பைக்: உயரம் குறைவான எனக்கு எது சரிவரும்?

வணக்கம். நாற்பது வயதில் பைக் ஓட்டக் கற்றுக்கொள்கிறேன், மூன்று வாரமாகிறது. கிளட்சை மெதுவாக விடும்போது, ஆக்சிலரேட்டர் முறுக்காமலே வண்டி நகரத் தொடங்கும் அந்த இடம் கைக்குப் பிடிபட்டுவிட்டது. அந்தச் சந்தோஷம் சொல்லி மாளாது! சரி, இனி சொந்த வண்டி.

என் உயரம் 155 செ.மீ. ராயல் என்ஃபீல்டு ஹண்டர் 350-க்கு சீட் உயரம் 790 மி.மீ., எடை 181 கிலோ. அதே நிறுவனத்தின் மீட்டியோர் 350-க்கு சீட் 765 மி.மீ.தான், ஆனால் 191 கிலோ. ஓடும்போது பயமில்லை, நிறுத்தியபின் பின்னுக்குத் தள்ளித் திருப்பும்போதுதான் கை நடுங்குகிறது.

என் உயரத்தில் இருக்கும் பெண்கள் யாராவது இவற்றை ஓட்டுகிறீர்களா? ஒரு காலை மட்டும் ஊன்றிச் சமாளிக்க முடிகிறதா? சஸ்பென்ஷனைத் தாழ்த்த எனக்கு மனமில்லை, வேகத்தடையில் வண்டியின் அடிப்பாகம் தட்டும். சீட் நுரையைக் குறைத்தவர்கள் இருந்தால் அனுபவத்தைச் சொல்லுங்களேன். அப்புறம், முதல் வண்டியைப் பழையதாக வாங்கலாமா?