எஸ்பிஎம்-20 ட்யூப்: மீட்டரில் 400 வோல்ட், ஆனால் துடிப்பு நிற்கவே இல்லை

கேள்வி: கதிரியக்கத்தைத் துடிப்புகளாக எண்ண உதவும் சோவியத் காலத்து கைகர் ட்யூபான எஸ்பிஎம்-20ஐ மேசையில் சோதித்துக்கொண்டிருக்கிறேன். ஆனோடு (நேர்முனை) ரெசிஸ்டர் 5.1 மெகா ஓம். ஆனோடில் மல்டிமீட்டர் 265 வோல்ட்தான் காட்டியது. சப்ளையின் வோல்டேஜை மாற்றும் டிரிம்மரைத் திருப்பி 400க்குக் கொண்டுவந்தேன். மீட்டரை எடுத்ததும், பக்கத்தில் எதுவும் வைக்காமலே துடிப்புகள் பொழிகின்றன. ட்யூப் போய்விட்டதா?

பதில் 1: உடனே சப்ளையை அணையுங்கள். டிஜிட்டல் மீட்டரின் உள்மின்தடை பொதுவாக 10 மெகா ஓம். அது 5.1 உடன் சேர்ந்து வோல்டேஜைப் பங்கு போட்டுக்கொள்கிறது: 400 × 10 ÷ 15.1 = 265. அதாவது முதலிலேயே 400 சரியாக இருந்தது. நீங்கள் ஏற்றிய பிறகு உண்மையில் சுமார் 604. இந்த ட்யூபுக்கு 350 முதல் 475 வரைதான். அதற்கு வெகுமேலே போனால் கதிர் வராமலே உள்ளே தொடர் டிஸ்சார்ஜ் ஓடும், ஆயுள் தேயும்.

பத்து 100 மெகா ஓம் ரெசிஸ்டர்களைத் தொடராகக் கோத்து மீட்டருக்கு முன்னால் போடுங்கள். 5.1க்கு முந்தைய சப்ளை முனையில் அளந்து பாருங்கள். 400 வோல்ட்டுக்கு 3.96 காட்டும். ரெசிஸ்டர்கள் மேல் படியும் விரல் அழுக்கு வழியாகவும் மின்சாரம் கசியும், ஆல்கஹாலால் துடைத்துவிடுங்கள். தொடுவதற்கு முன் கண்டென்சரை 1 மெகா ஓம் வழியாக வடியவிடுங்கள்.

கேட்டவர்: 400க்கு இறக்கியாயிற்று. சும்மா இருக்கும்போது நிமிடத்துக்கு 22. தோரியம் மேன்டில் (லேசான கதிரியக்கம் உள்ள பழைய கேஸ் விளக்கு வலை) வைத்தால் 350 வோல்ட்டில் 412, 450இல் 452. ஏறுகிறதே, கெட்டுவிட்டதா?

பதில் 2: 22 என்பது ஆரோக்கியமான அளவு. ஏற்றத்தைப் பற்றி இந்த எண்களை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. 412 எண்ணினால் அதன் வர்க்கமூலம், சுமார் 20, தானாகவே ஏறி இறங்கும். ஒவ்வொரு வோல்டேஜிலும் 10 நிமிடம் எண்ணுங்கள்: 4000க்குப் பிழை 63தான், 1.6 சதவீதம். 300இல் தொடங்கி 25 வோல்ட் படிகளாக 450 வரை போய் வரைபடம் போடுங்கள். சமதளத்தில், அதாவது வோல்டேஜ் மாறினாலும் எண்ணிக்கை அதிகம் மாறாத பகுதியில், வோல்ட்டுக்கு 0.1 சதவீதம் வரை ஏற்றம் இருக்கலாம். 100 வோல்ட்டுக்கு 10 சதவீதம். மேன்டிலும் ட்யூபும் நூலளவுகூட நகரக்கூடாது, டேப் ஒட்டிவிடுங்கள்.

மேன்டிலைப் பிளாஸ்டிக் உறையிலேயே வைத்திருங்கள்; அது நொறுங்கி வரும் தூளைச் சுவாசிக்கக்கூடாது. உறை தடுப்பது ஆல்ஃபா கதிரை. இந்த ட்யூபின் உலோகச் சுவரும் அதை உள்ளே விடாது, ஆகவே நஷ்டமில்லை.

பதில் 3: 5.1 மெகா ஓமை ஆனோடு கிளிப்பை ஒட்டியே வையுங்கள். நடுவில் நீளமான ஒயர் இருந்தால் அதன் கெப்பாசிட்டன்ஸ் ஒவ்வொரு துடிப்பிலும் ட்யூபுக்குள் கொட்டும். முனைகளில் ஈயம் பற்றவைக்க வேண்டாம், ஃபியூஸ் கிளிப் போதும்.