புதுப்பிப்பு: மச்சானுக்கு வந்தது எம்.எஸ். இல்லைங்க

சோமனூர்ல தறி ஓட்டற எங்க மச்சானுக்கு இடுப்புக்குக் கீழ மரத்துப்போச்சு, டிரான்ஸ்வர்ஸ் மைலைட்டிஸ்னு சொல்றாங்க, இது எம்.எஸ்.ஸா (மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், உடம்போட எதிர்ப்பு சக்தியே மூளை, தண்டுவட நரம்பைத் தாக்கற நோய்) மாறுமான்னு போன மாசம் கேட்டிருந்தேனுங்க. செருப்பு கழண்டு விழுந்ததுகூடத் தெரியாம நடந்துட்டிருந்தாரு. இப்ப ரிப்போர்ட் பூராவும் வந்தாச்சு.

மைலைட்டிஸ்ங்கறது தண்டுவடத்துல வர்ற அழற்சி. சிலருக்கு ஒரு தடவையோட நின்னுரும், சிலருக்கு அதுதான் எம்.எஸ்.ஸோட முதல் அடி. மூளை எம்.ஆர்.ஐ.லயும் புள்ளி புள்ளியா தெரிஞ்சா எம்.எஸ். வாய்ப்பு ஏறும். இவருக்கு மூளை சுத்தம். முதுகுத்தண்டு நீர்லயும், எம்.எஸ். வந்தவங்க நிறையப் பேருக்குத் தெரியற ஆலிகோகுளோனல் பேண்ட்ங்கற புரத அடையாளம் இல்லை.

ஆனா தண்டுவடப் படத்துல வெள்ளையா நாலு முள்ளெலும்பு நீளத்துக்குத் தெரிஞ்சுது. எம்.எஸ்.ல பெரும்பாலும் அது குட்டையா, ஒரு ஓரமாத்தான் இருக்குமாம். மூணு முள்ளெலும்பும் அதுக்கு மேலயும் நீண்டா என்.எம்.ஓ.வைத் (நியூரோமைலைட்டிஸ் ஆப்டிகா, தண்டுவடத்தையும் பார்வை நரம்பையும் தாக்கற வேற நோய்) தேடணும். அதுக்கான ஆன்டிபாடியை (உடம்பையே தாக்கற எதிர்ப்புப் புரதம்) பார்க்கற அக்வாபோரின்-4 ரத்த டெஸ்ட் பாசிட்டிவ், அதனால இவருக்கு என்.எம்.ஓ.தான். இந்த ஆன்டிபாடியே 2004லதான் தெரிய வந்துச்சு; அதுக்கு முன்னால இந்த நோயை எம்.எஸ். வகையறாவுலயே சேர்த்துட்டிருந்தாங்க.

"எந்தப் பேரா இருந்தா என்ன, மருந்து ஒண்ணுதானே"ன்னு மாமா கேட்டாரு. ஒண்ணு இல்லைங்க. எம்.எஸ்.க்குப் போடற இன்டர்ஃபெரான் இதுல நோயை இன்னும் கிளப்பி விட்டுரும்.

ஸ்டீராய்டு டிரிப் முடிஞ்சுது, நோய் திரும்ப வராம தடுக்கற ரிட்டுக்ஸிமாப் மருந்து ஆரம்பிச்சிருக்காங்க. குச்சி ஊனி வாசல் வரைக்கும் வர்றாரு. கண்ணு மங்கினா அன்னைக்கே கூட்டிட்டு வரச் சொல்லியிருக்காங்க, இது பார்வை நரம்பையும் பிடிக்குமாம்.