மூன்று ஆண்டு என்றார்கள், ஆறு ஆண்டு ஆனது: 868 குய்ஜோ படைக் கலகத்தில் நியாயம் யார் பக்கம்?

ஓலைக்கட்டு:
சீனாவின் தாங் பேரரசைச் சாய்த்தவன் கலகத் தலைவன் ஹுவாங் சாவ் என்றுதான் பொதுவாகச் சொல்வார்கள். ஆனால் சோங் காலத்தில் தொகுத்த தாங் வரலாறே, அந்தக் கேட்டுக்கு வேர் குயிலினில் இருந்தது என்கிறது. அந்த வேரைத்தான் இந்த இழையில் பேசலாம் என்று நினைக்கிறேன்.

நடந்தது சுருக்கமாக: தென்மேற்கே இருந்த நான்ஜாவ் அரசு 863இல் அன்னாமை, அதாவது இன்றைய ஹனோய் பகுதியைப் பிடித்தது. அதை எதிர்க்க வடக்கே ஷூஜோவில் 2000 பேரைத் திரட்டி, அதில் 800 பேரைக் குய்ஜோவில் (இன்றைய குயிலின்) காவலுக்கு நிறுத்தினார்கள். மூன்று ஆண்டில் மாற்றுப்படை வரும் என்று வாக்கு. வரவில்லை. 866இல் தாங் தளபதி காவ் பியென் அன்னாமை மீட்டே விட்டார், அப்போதும் இவர்களை விடவில்லை. ஆறாம் ஆண்டில் ஊருக்கு விடுங்கள் என்று கேட்டபோது, ஷூஜோ ஆளுநர் சுய் யென்செங்கிடம் அவருடைய நம்பிக்கைக்குரிய இன் கான், தூ ஜாங், சூ சிங்ஜியன் மூவரும் சொன்ன யோசனை: படைக் கஜானா காலி, மாற்றாள் அனுப்பினால் பெரும் செலவு, இன்னும் ஒரு வருடம் அங்கேயே இருக்கட்டும். இது குய்ஜோவுக்கு எட்டியது. 868, ஏழாம் மாதம், சூ ஜி முதலான கீழ்நிலை அதிகாரிகள் தளபதி வாங் ஜோங்ஃபூவைக் கொன்றார்கள். தானியக் கணக்குப் பார்த்த பாங் சுன்னைத் தலைவனாக்கி, ஆயுதக் கிடங்கைக் கொள்ளையிட்டு வடக்கே கிளம்பினார்கள்.

என் கட்சி இதுதான்: வாக்கை முறித்தது மேலிடம். கஜானா காலியானதற்கு 800 பேரின் ஆயுளைக் கொண்டு ஈடு கட்டப் பார்த்தார்கள். கலகம் அதன் விளைவு.

செந்தூரன்:
கடைசி வரி வரைக்கும் உடன்படுகிறேன், கடைசி வரியில் மாட்டேன். சூ ஜி யார்? அவனும் உடன் நின்ற ஜாவ் கெலி, யாவ் ஜோ, ஜாங் சிங்ஷியும் ஷூஜோவில் வழிப்பறிக் கூட்டமாக இருந்தவர்கள். அரசால் அடக்க முடியாமல், அழைத்துப் பதவி கொடுத்து வைத்திருந்தார்கள். பிறகு, அவர்கள் கொன்றது யாரை? முடிவெடுத்தவர்கள் ஷூஜோவில் இருந்தார்கள். அதே முகாமில், அதே ஊரில் கிடந்த வாங் ஜோங்ஃபூ செத்தார். முதல் ரத்தமே தவறான ஆளுடையது.

அந்த மூவரும் கையூட்டு வாங்கினார்கள் என்று காட்டவும் ஆதாரம் கிடையாது. கஜானா நிஜமாகவே காலியாக இருந்திருக்கலாம். வாக்குத் தவறியதை ஊழல் என்று எழுதக்கூடாது.

கயல்:
இரண்டு பேருமே 862ஐ விட்டுவிட்டீர்கள். அதை விட்டால் இந்தக் கலகம் புரியாது.

ஷூஜோவில் ‘வெள்ளிவாள்’ முதலான தனிப்படைகள் இருந்தன. ஆளுநர்களை மிரட்டியே பழகியவை. 862இல் ஒரு ஆளுநரைத் துரத்தினார்கள். அரண்மனை, வாங் ஷியை வெளியூர்ப் படைகளோடு அனுப்பியது. அவர் வந்து சில நாளில் சுற்றி வளைத்து ஆயிரக்கணக்கானோரை வெட்டினார். குய்ஜோவில் காவலிருந்தவர்கள் எல்லோருக்கும் அது தெரியும்.

இப்போது மன்னிப்பைப் பாருங்கள். கலகம் நடந்ததும் அரண்மனை அண்ணகர் ஜாங் ஜிங்சியை அனுப்பி, குற்றம் மன்னிக்கப்பட்டது, ஊருக்குப் போகலாம் என்றது. அதை நம்பிக் கொள்ளையை நிறுத்தினார்கள். ஹுனான் வந்ததும் தந்திரமாக அவர்களுடைய கவசத்தையும் ஆயுதத்தையும் வாங்கிக்கொண்டார்கள். வெறுங்கையோடு ஷூஜோ போனால் என்ன நடக்கும் என்று சூ ஜி கணக்குப் போட்டான்: வெள்ளிவாள்காரர்களை விட நம் குற்றம் பெரியது, வழியில் சிதறிக் கொள்ளையடிப்போம் என்ற பயத்தில்தான் மன்னித்திருக்கிறார்கள், ஊர் எல்லை தொட்டதும் கண்டதுண்டமாக்குவார்கள். ஆளுக்கு ஆள் சொந்தப் பணம் போட்டுக் கவசமும் கொடியும் செய்துகொண்டு யாங்சியில் படகேறினார்கள். ஒளிந்து திரிந்த பழைய வெள்ளிவாள்காரர்களையும் படகில் மறைத்து ஏற்றி ஆயிரம் பேரானார்கள். அந்தக் கணக்கில் எனக்குத் தவறு தெரியவில்லை.

செந்தூரன்:
கணக்கு சரி கயல். ஆனால் அந்த இடத்தில் கலகத்தின் நோக்கமே மாறிவிட்டது. அதுவரை ‘வீட்டுக்கு விடு’. அதன்பின் ‘எங்களைத் தொட முடியாத இடத்தில் நிற்க வேண்டும்’.

அதிகாரிகளின் பிழையை மறுக்கவில்லை, சொல்லப்போனால் நானே ஒன்று தருகிறேன். அவர்கள் வந்த வழியில் காவ்யோ என்ற ஊரில் கால்வாய்க் கரை செங்குத்து, நீர் ஆழம், அகலம் குறைவு. நாணல் ஏற்றிய படகுகளைக் கொளுத்தி முன்னால் அடைத்து, பின்னால் படையை விட்டு நெருக்கினால் ஒருவன் தப்ப மாட்டான் என்று லீ சியாங் என்ற அதிகாரி மன்றாடினார். யாங்ஜோவில் இருந்த ஆளுநர் லிங்ஹு தாவ் கேட்கவில்லை. என் எல்லையில் அவர்கள் கலாட்டா செய்யவில்லை, கடந்து போகட்டும், அப்புறம் என் பொறுப்பில்லை என்றார்.

ஓலைக்கட்டு:
அது உங்கள் வாதத்துக்கு எதிராகத்தானே போகிறது! அவ்வளவு தூரம் வந்தும் அவர்கள் வைத்த கோரிக்கை என்ன? அந்த மூவரையும் பதவி நீக்குங்கள், எங்களை இரண்டு தனி முகாமாக்கி ஒரே தளபதியின் கீழ் வையுங்கள். ஆளுநரின் தலையைக் கேட்கவில்லை. நகரில் 4300 படை இருந்தது. சுய் யென்செங் தன் படை அதிகாரி யுவான் மியிடம் 3000 பேரைக் கொடுத்து அடிக்கச் சொன்னார்.

செந்தூரன்:
தனி முகாம், தனித் தளபதி என்பது சின்னக் கோரிக்கையா? வெள்ளிவாள் படையை மறுபடி கட்டுவதுதான் அது. 862க்குப் பின் எந்த ஆளுநரும் ஒப்புக்கொள்ள முடியாது.

அடுத்து சுஜோ. (ஷூஜோவுக்குத் தெற்கே, கால்வாய்க் கரை ஊர்.) அதைப் பிடித்ததும் நகரின் பொருளையெல்லாம் ஓரிடத்தில் குவித்து, ஜனங்களே வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். ஒரே நாளில் நாலு திசையிலிருந்தும் கூட்டம். வந்த கூட்டத்திலிருந்தே படைக்கு ஆள் பொறுக்கினார்கள். மாட்டேன் என்றவனை அங்கேயே வெட்டினார்கள். விடியலிலிருந்து பொழுது சாய்வதற்குள் சில ஆயிரம் பேர் சேர்ந்தார்கள். தானியக் கணக்கனைத் தலைவனாக்கியதன் பலன் இது, எதை வைத்து ஆள் பிடிக்கலாம் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

கயல்:
சுஜோ உண்மை. மறைக்கக்கூடாது. யுவான் மியை முடித்த விதமும் அங்கேதான்: இரவில் பெண்களை விட்டு ஜாமப் பறை அடிக்கச் செய்துவிட்டு, 300 பெரிய படகில் தானியம் ஏற்றி நழுவினார்கள். விடிந்துதான் யுவான் மிக்குத் தெரிந்தது. படை சாப்பிடக்கூட இல்லாமல் துரத்தியது, பசியோடு பொறியில் விழுந்தது.

ஓலைக்கட்டு:
சரி, ஷூஜோ விழுந்த விதத்தையும் பாருங்கள். நகரைச் சுற்றியிருந்த மக்கள் வைக்கோல் வண்டிகளைத் தள்ளிவந்து வாசலை அடைத்துத் தீ வைத்தார்கள். அவர்களை யாரும் வெட்டி மிரட்டவில்லை. பிறகு படைக்கு ஆள் கேட்டபோது அப்பன் மகனை அனுப்பினான், மனைவி கணவனைப் போகச் சொன்னாள். மண்வெட்டித் தலையை உடைத்து, காம்பைக் கூர் சீவிக்கொண்டு வந்தார்கள். கத்தி முனையில் பிடித்த ஆள் மண்வெட்டியை உடைப்பானா? அடுத்த விதைப்பு அதை நம்பித்தானே.

செந்தூரன்:
மாட்டான். அதனால்தான் எனக்கு ஆத்திரம். அந்த விவசாயிக்கு என்ன கிடைத்தது? இன் கான் முதலான மூவரையும் வயிற்றைக் கிழித்துக் கொன்று, குடும்பங்களையும் அழித்தார்கள். பாங் சுன் ஆளுநர் பதவி ஆணைக்காக மாதக்கணக்கில் காத்திருந்தான். செல்வர், வணிகர் பொருளில் பத்தில் ஏழு எட்டுப் பங்கைப் பறித்தார்கள். ஒளித்தார்கள் என்று நூற்றுக்கணக்கான குடும்பங்கள் வேரோடு போயின. அதிலும் குய்ஜோவிலிருந்து வந்த பழைய ஆட்கள்தான் மோசம், பிறர் பொருளையும் மனைவியரையும் பறித்தார்கள். உழவன் கொண்டுவந்த நம்பிக்கையை ஒரு வருடத்தில் தீர்த்துவிட்டார்கள்.

தோற்றதும் அதனால்தான். சிஜோ நகரை ஏழு மாதம் முற்றுகையிட்டும் பிடிக்க முடியவில்லை. அரசுத் தளபதி காங் செங்சுன்னின் படையில் இருந்த ஷாதுவோ (துருக்கிய இனத்தார்) குதிரைப்படை வெட்டவெளியில் அவர்களைப் பிளந்தது. 869 ஒன்பதாம் மாதம் சுஜோவைக் காத்த கலகப்படைத் தலைவன் ஜாங் சுவான்ரென்னே அரசு பக்கம் சாய்ந்தான்.

கயல்:
அந்த ஷாதுவோ தலைவனுக்கு லீ குவோசாங் என்று அரச குலப்பெயர் கிடைத்தது. அவன் பேரன்தான் 923இல், தாங் அழிந்தபின் எழுந்த பின்-தாங் அரசின் அரியணையில் ஏறியவன். கஜானாவில் மிச்சம் பிடிக்க நினைத்த ஒரு வருடச் செலவுக்கு அரசு கொடுத்த விலை இது.

ஓலைக்கட்டு:
குய்ஜோக்காரர்கள் ஷூஜோவில் செய்த கொடுமையை நான் இனி வாதாட மாட்டேன் செந்தூரன், அது உங்கள் பக்கம். ஆனால் ‘அரசு நீதி’ என்று மட்டும் எதிர்த்தட்டில் வைக்காதீர்கள். ஷூஜோவை மீட்டதும் ஜாங் சுவான்ரென் குய்ஜோ காவலுக்குப் போனவர்களின் சொந்தபந்தங்களைப் பிடித்தான். ஆயிரக்கணக்கானோரின் தலை விழுந்தது. ஆறு ஆண்டு பார்க்கவிடாமல் வைத்திருந்தது அவர்களைத்தான்.