ரேடியேட்டருக்கு 'குளிர்விப்பான்' சரிவருமா?

ஐயா, வணக்கம். விண்வெளிக் குடியிருப்புச் சொற்பட்டியல் ரொம்ப நல்லா வந்திருக்கு, ஆனா சூட்டை விண்வெளிக்கு வெளியேத்தற ரேடியேட்டருக்கு 'குளிர்விப்பான்'னு போட்டிருக்கீங்களே, அத மாத்தியே ஆகணும்னு நினைக்கிறேன். கார்ல இருக்கிறது பேருக்குத்தான் ரேடியேட்டர், சூட்டை வாங்கிட்டுப் போறது பெரும்பாலும் காத்துதான். விண்வெளில காத்து ஏது? தண்ணிய ஆவியாக்கி வெளிய விட்டா கையிருப்பு கரைஞ்சுடும், அதனால வருஷக்கணக்கா ஆள் தங்கற இடத்துல சூடு அகச்சிவப்புக் கதிராத்தான் வெளியேறணும்.

எப்பவும் மின்சாரத்த பத்தியே பேசறோம், ஆனா உள்ள செலவழிக்கிற மின்சாரம் கிட்டத்தட்ட முழுசும் கடைசில சூடாத்தானே நிக்குது. சர்வதேச விண்வெளி நிலையத்துல உள்பக்கம் தண்ணி ஓடி சூட்டை வாங்கும், அம்மோனியா நச்சுங்கறதால அது வெளிக்குழாய்ல மட்டும்தான், நடுவுல ரெண்டும் கலக்காம சூட்டை மட்டும் கைமாத்தற வெப்பமாற்றி, அப்புறம் அந்த அம்மோனியா ரேடியேட்டரோட பெரிய வெள்ளைத் தகடுகளுக்குப் போய் சூட்டை விட்டுட்டு வரும், தகடுங்க முடிஞ்சவரைக்கும் சூரியனுக்கு விளிம்பைக் காட்டித் திரும்பி நிக்கும். 2010ல ஒரு அம்மோனியா பம்ப் நின்னுபோச்சு, சோலார் பேனல் நல்லா இருந்தும் பல கருவிகளை அணைச்சு வைக்க வேண்டியதாயிடுச்சு, மூணு விண்நடைக்கு அப்புறம்தான் பம்பை மாத்தி முடிச்சாங்க.

இன்னொரு விஷயம். 27 டிகிரி செல்சியஸ்ல ஒரு சதுர மீட்டர் பரப்பு அதிகபட்சமா 460 வாட் அளவுக்குத்தான் வெளியிடும், ஆனா இது கெல்வின் வெப்பநிலையோட நாலாம் அடுக்குல ஏறும். அதனாலதான் நிலாவுல வைக்க யோசிக்கிற அணு உலைக்கு தகட்டை வேணும்னே நல்ல சூடா வெச்சுக்கறாங்க, அப்பதான் பரப்பு குறையும், எடை குறையும். வேணும்னே சூடா வெச்சிருக்கிற பொருளுக்குப் போய் குளிர்விப்பான்னு பேர் வெச்சா படிக்கிற பையன் குழம்பிடுவான்.

'கதிர்வீசி'ன்னு ஒருத்தர் சொல்லியிருந்தார், நேரடியான சொல்தான், ஆனா அணு உலை பக்கத்துல அந்தப் பேர் இருந்தா எல்லாரும் கதிரியக்கம்னுதான் எடுத்துப்பாங்க.

என் பரிந்துரை 'வெப்ப உமிழி'. உமிழ்னா எச்சில் ஞாபகம் வருதுன்னு சிலர் சொல்லலாம், ஆனா எல்ஈடிக்கு ஒளி உமிழ் இருமுனையம்னு எப்பவோ பழகிட்டோமே. இதுல சொல்லும் கிளைக்குது பாருங்க: தகடு உமிழ்தகடு, மடிச்சு அனுப்பி மேல போய் விரிக்கிறது விரி உமிழி, ஒரு பரப்பு எவ்வளவு நல்லா கதிரை வெளியிடுதுங்கற எமிஸிவிட்டி உமிழ்திறன். வெள்ளைப் பூச்சு எதுக்குன்னு விளக்கணும்னா சூரிய ஒளிக்கு உட்கவர்திறன் (உள்ள இழுத்துக்கற அளவு) கம்மி, அகச்சிவப்புல உமிழ்திறன் அதிகம்னு ஒரே வரில முடிஞ்சிரும். ஆட்சேபணை இல்லன்னா பட்டியல்ல ஏத்திடலாம், வெப்பமாற்றிய மட்டும் அப்படியே விட்டுடுங்க.